வீட்டுப் பூனைக்கு முடி கொட்டுகிறதா? எண்ணெயை எடுக்கும் முன் இதைப் பாருங்கள்

எங்கள் செம்பியின் அடிவயிறு வழுக்கையாகிக் கிடந்ததை முதலில் பார்த்தது ஆச்சிதான். மத்தியானம் வீட்டு முன்பக்கத் தார்சாவில் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. ஆச்சி குனிந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, இங்க வா, இதுக்கு வயித்துல ஒத்த முடி இல்ல, சூடு புடிச்சிருக்கு, வெளக்கெண்ண தேச்சு வுடு" என்றாள். அடுத்த பத்து நாளில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சோற்றில் உப்பு போட்டால் கொட்டும் என்றார் பக்கத்து வீட்டு மதினி, வயிற்றில் பூச்சி இருக்கும் என்றார் பால்காரர், வெள்ளத்தில் பயந்துபோனது இன்னும் தெளியவில்லை என்றாள் தங்கச்சி. கடைசியாகச் சொன்னதைத்தான் நானும் நம்பினேன், ஏனென்றால் 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஊருக்குள் வந்தபோது சிந்துபூந்துறை வீட்டிலிருந்து செம்பியைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். அதன்பிறகு பெருமாள்புரத்தில் வாடகைக்கு வந்தோம், இரண்டாவது மாதமே வயிறு வழுக்கை.

உண்மையான காரணம் வேறு. அதைக் கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆனது, அந்த நான்கு மாதமும் பாவம் அது அரிப்போடுதான் இருந்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பூனைக்கு அப்படி ஆகக்கூடாது என்பதற்காகத்தான், எதை முதலில் பார்க்க வேண்டும், எதை அடுத்து பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன். மருத்துவரிடம் போவதற்கு முன் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக் கூடியது நிறைய இருக்கிறது, நீங்கள் பார்த்ததைச் சொன்னால் அவருக்கும் பாதி வேலை முடிந்துவிடும்.

கொட்டுகிறதா, நக்கி எடுக்கிறதா?

இதுதான் முதல் கேள்வி, மற்றதெல்லாம் இதற்கு அப்புறம். பூனை விஷயத்தில் முடி தானாக உதிர்ந்து வழுக்கை விழுவது குறைவு. பெரும்பாலும் அதுவே நக்கி நக்கி முடியை ஒடித்துவிடுகிறது. பூனையின் நாக்கைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், அரம் மாதிரி சொரசொரவென்று இருக்கும், தொண்டையைப் பார்த்து வளைந்த சின்னச் சின்ன முட்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. அந்த நாக்கால் ஒரே இடத்தை நாளெல்லாம் தேய்த்தால் எந்த முடியும் நிற்காது.

நம் கண்முன் நக்கவில்லையே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பூனை இதைப் பெரும்பாலும் யாரும் பார்க்காத நேரத்தில்தான் செய்யும், கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், நடுச்சாமத்தில். அதனால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். காலை வெயில் நன்றாக விழும் இடத்தில் பூனையை மடியில் வைத்துக்கொண்டு, வழுக்கை விழுந்த இடத்தில் முடி வளரும் திசைக்கு எதிராக விரலைப் பைய ஓட்டிப் பாருங்கள். இரண்டு நாள் சவரம் செய்யாத தாடி மாதிரி குத்தினால் அது ஒடிந்த முடி, அதாவது பூனை நக்கி எடுத்தது. கன்னம் மாதிரி வழுவழுவென்று இருந்து, ஓரத்தில் உள்ள முடியை லேசாகப் பிடித்து இழுத்தால் கொத்தாகக் கையோடு வந்தால் அது வேரோடு உதிர்கிறது, கதையே வேறு. மருத்துவர் நாலைந்து முடியைப் பிடுங்கி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதும் இதற்குத்தான்: நுனி ஊசி மாதிரி கூராக இருந்தால் தானாக விழுந்தது, பிய்ந்த கயிறு மாதிரி இருந்தால் நாக்கு செய்த வேலை.

இன்னும் இரண்டு தடயங்கள் உண்டு. வாந்தியில் முடி உருண்டை அடிக்கடி வருகிறதா, மலத்தில் முடி நூல்நூலாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பழைய போன் ஒன்று இருந்தால் ராத்திரி பூனை படுக்கும் இடத்துக்கு எதிரே வீடியோ ஓடவிட்டுத் தூங்குங்கள். செம்பி அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, பின்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் விடாமல் அடிவயிற்றை நக்கியதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், சிலர் வீணாகப் பயப்படுகிறார்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் நெற்றிப்பொட்டு இருக்கும் இடத்தில் எல்லாப் பூனைக்கும் முடி கம்மிதான், கறுப்புப் பூனைக்கு அது பளிச்சென்று தெரியும். அது நோயில்லை. குட்டி போட்டுப் பால் கொடுத்த தாய்க்கும், கடுமையான காய்ச்சலில் கிடந்து எழுந்த பூனைக்கும் உடம்பெல்லாம் முடி மெலியும், சாப்பாடு சரியாக இருந்தால் திரும்ப வந்துவிடும். ஊசி போட்ட இடத்திலோ கழுத்துப்பட்டை உரசும் இடத்திலோ மட்டும் முடி போயிருந்தாலும் காரணம் அங்கேயே இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனை வருஷம் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாக முடி உதிர்க்கும், பாயிலும் புடவையிலும் ஒட்டும், ஆனால் எந்த இடத்திலும் தோல் தெரியாது. தோல் தெரிந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

தெள்ளு: "எங்க பூனை வெளியவே போகாதே" என்பவர்களுக்கு

நக்கி எடுக்கிறது என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி, ஏன் நக்குகிறது? நம் ஊரில் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி மேல்தான் விழ வேண்டும். குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்தால் தெள்ளு கொஞ்சம் அடங்கும். திருநெல்வேலியில் அதற்கு அடங்கும் காலமே கிடையாது, சித்திரை வெயிலாகட்டும், ஐப்பசி மழையாகட்டும், வீட்டுக்குள் எப்போதும் அதற்கு வேண்டிய கதகதப்பு இருக்கிறது.

வெளியே போகாத பூனைக்கு எப்படி வரும்? தார்சாவில் வந்து படுக்கும் தெருப்பூனை விட்டுப்போகும், பக்கத்து வீட்டு நாயைக் கொஞ்சிவிட்டு வரும் நம் கால்சட்டையில் தொற்றி வரும், எலி கொண்டுவரும். எங்கள் வீட்டில் நடந்தது இதைவிட ஆச்சரியம். நாங்கள் வாடகைக்குப் போன வீட்டில் முன்பு இருந்தவர்கள் நாய் வளர்த்திருக்கிறார்கள். அவர்கள் காலி செய்து மூன்று மாதம் வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது. தெள்ளின் முட்டை விலங்கின் உடம்பில் ஒட்டி நிற்பதில்லை, உருண்டு தரையில் விழுந்துவிடும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்குப் பயந்து தரை வெடிப்பிலும் கட்டில் இடுக்கிலும் போய்க் கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆள் நடமாட்டத்தின் அதிர்வும், உடம்புச் சூடும், மூச்சுக்காற்றும் பட்டால் உடனே வெளியே குதிக்கும். சிவப்பு சிமெண்ட் தரை, சுவரோரம் பூராவும் வெடிப்பு, நாங்கள் சாமான் இறக்கிய அன்றே அவை விழித்திருக்கும்.

ஆனால் செம்பி உடம்பில் ஒரு தெள்ளைக்கூட நான் பார்க்கவில்லை, அதனால்தான் ஏமாந்தேன். தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாத பூனைக்கு ஒன்றிரண்டு கடியே போதும், நாள்கணக்கில் அரிக்கும், அது நக்கிக்கொண்டே இருப்பதால் தெள்ளையும் சேர்த்து விழுங்கிவிடும், நாம் தேடும்போது ஒன்றும் இருக்காது. ஆகவே தெள்ளைத் தேடாதீர்கள், அதன் எச்சத்தைத் தேடுங்கள். பிள்ளைகளுக்குப் பேன் பார்க்கும் சீப்பு ஒன்றைப் புதிதாக வாங்கி, வால் தொடங்கும் இடத்திலும், முதுகின் கடைசியிலும், தொடையின் உட்பக்கத்திலும் தோலோடு ஒட்டி வாருங்கள். சீப்பில் வரும் கறுப்புத் துகளை ஒரு வெள்ளைத் துணியில் தட்டி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிஷம் பொறுங்கள். வெறும் மண் என்றால் மண்ணாகவே கிடக்கும். தெள்ளு எச்சம் என்றால் அதைச் சுற்றி செங்காவியாக ஒரு வளையம் பரவும், ஏனென்றால் அது செரித்த ரத்தம். எனக்கு அந்த வளையம் நான்காவது மாதத்தில்தான் தெரிந்தது.

அதற்கு முன்பே எனக்கு ஒரு தடயம் கிடைத்திருந்தது, எனக்குத்தான் புரியவில்லை. செம்பி படுத்தெழுந்த பத்தமடைப் பாயில் அரிசிக் குருணை மாதிரி ஏதோ ஒட்டிக்கிடக்கும், காய்ந்தால் எள் மாதிரி ஆகிவிடும். சோறு சிந்தியது என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளை விழுங்கினால்தான் பூனைக்கு அந்த வகை நாடாப்புழு வரும், ஆகவே பூனையின் ஆசனவாயைச் சுற்றியோ படுக்கையிலோ இப்படிப் பார்த்தால் தெள்ளு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். பூச்சி இருக்கும் என்று சொன்ன பால்காரர் பாதி சரி.

வைத்தியம் இரண்டு பக்கமும் நடக்க வேண்டும். பூனைக்கு, பூனைக்கென்றே வரும் பிடரியில் விடும் சொட்டு மருந்து, செலமெக்டின், ஃபிப்ரோனில் போன்றவை, எடைக்குத் தகுந்தபடி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில், குறைந்தது மூன்று மாதம் விடாமல். முதல் சொட்டு விட்ட பிறகும் தெள்ளு தெரிந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள், கூட்டுக்குள் இருப்பதை எந்த மருந்தும் தொடாது, அது வெளியே வந்த பின்தான் சாகும். ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரை போடும் என்பதால் ஒரு மாதம் விட்டுவிட்டாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். வீட்டில் எத்தனை பூனை, நாய் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். வீட்டுக்கு, பூனை படுக்கும் துணியை வாரம் ஒருமுறை கொதிக்கும் தண்ணீரில் அலசி வெயிலில் போடுங்கள், பாயை மொட்டைமாடியில் உச்சி வெயிலில் விரித்துப் போடுங்கள், வெடிப்புகளை சிமெண்ட் பூசி அடையுங்கள், சுவரோரமும் கட்டில் காலடியும் தினமும் பெருக்கி, குப்பையை அப்போதே வெளியே கொண்டுபோய்விடுங்கள்.

படர்தாமரை என்றால் பிள்ளைகளையும் பாருங்கள்

வட்டவட்டமாக, ஓரத்தில் பொடுகு மாதிரி செதிலோடு, முகத்திலோ காதிலோ முன்காலிலோ முடி போயிருந்தால் அது பூஞ்சை, நாம் படர்தாமரை என்று சொல்வதுதான். குட்டிகளுக்கும், புதிதாக விலைக்கு வாங்கிவந்த பெர்சியன் பூனைகளுக்கும் அதிகம். சிலவற்றுக்கு அரிக்கும், சிலவற்றுக்கு அரிக்கவே அரிக்காது, வளர்ந்த நீள முடிப் பூனை வெளியே ஒன்றும் தெரியாமலே அதைச் சுமந்துகொண்டு திரியும். பூனையைக் கட்டிப்பிடித்துத் தூங்கும் பிள்ளையின் கையிலோ கழுத்திலோ சிவப்பாக ஒரு வளையம் வந்திருக்கிறதா என்று பாருங்கள், பல வீடுகளில் பூனைக்கு நோய் என்று தெரிவதே பிள்ளையின் கையைப் பார்த்துத்தான்.

மருத்துவர் இருட்டறையில் ஊதா விளக்கு அடித்துப் பார்ப்பார், முடியின் அடியில் ஆப்பிள் பச்சையாக மினுங்கினால் சந்தேகம் உறுதிப்படும். மினுங்கவில்லை என்றால் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது, எல்லா வகைப் பூஞ்சையும் மினுங்காது. புதுப் பல் பிரஷ் ஒன்றால் பூனையின் உடம்பெல்லாம் வாரி, அதில் வந்த முடியையும் செதிலையும் பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். வைத்தியம் மாதக்கணக்கு. உள்ளுக்கு மாத்திரையோ சிரப்போ, உடம்புக்குக் குளியலும். வட்டம் மறைந்துவிட்டது என்று நாமாக நிறுத்தினால் திரும்ப வரும், அதன் வித்து வீட்டுத் துணியிலும் தூசியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் வைத்தியம் முடியும்வரை பூனையைக் கழுவித் துடைக்க வசதியான ஓர் அறையில் வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே ஒரு வேண்டுகோள். மெடிக்கலில் படர்தாமரைக்கு என்று கேட்டால் கொடுக்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். நம் பிள்ளைகளுக்கே அது பூஞ்சையை வளர்த்துவிடுகிறது, பூனைக்கும் அப்படியே, அதோடு அது நக்கி விழுங்கவும் செய்யும். போடாதீர்கள்.

சொறி, காதுப்பூச்சி

காது மடலின் ஓரத்தில் ஆரம்பித்து, மண்டை, முகம், கழுத்து என்று சாம்பல் நிறத்தில் தடிப்பாகப் பொருக்குக் கட்டி, பூனை வெறிபிடித்த மாதிரி சொறிந்தால் அது சொறிப்பூச்சி. தெருவிலிருந்து தூக்கிவந்த குட்டியோடு வீட்டுக்குள் வரும், மற்ற பூனைகளுக்கு வேகமாகத் தொற்றும், நமக்கும் கொஞ்ச நாள் அரிப்பைக் கொடுக்கும். தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அன்றே தெரிந்துவிடும், மருந்தும் நன்றாகக் கேட்கும். காதுக்குப் பின்னால் மட்டும் முடி போய், காதுக்குள் காப்பித்தூள் மாதிரி கறுப்பு அழுக்கு இருந்தால் அது காதுப்பூச்சி. முகவாயில் கறுப்புப் புள்ளிகளோடு முடி உதிர்ந்திருந்தால் பிளாஸ்டிக் கிண்ணத்தை மாற்றி எவர்சில்வரில் சோறு வைத்துப் பாருங்கள், பல சமயம் அதுவே போதும்.

சோறு

தெள்ளும் இல்லை, பூஞ்சையும் இல்லை, ஆனாலும் முகத்தையும் கழுத்தையும் சொறிந்துகொண்டே இருக்கிறது, அல்லது வயிறு வழுக்கையாகவே இருக்கிறது, வருஷம் பூராவும் ஒரே மாதிரி என்றால் சாப்பாட்டு ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். வருஷக்கணக்காகச் சாப்பிட்ட பொருளே ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகும், "இத்தனை நாள் தின்னுச்சே" என்பது பதிலாகாது. மீன், கோழி, மாடு, இந்த மூன்றும்தான் பூனைக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை. ரத்தம் எடுத்துப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இதுவரை சாப்பிட்டே இராத ஓர் இறைச்சியை, முயல் மாதிரி, அல்லது இதற்கென்றே வரும் உணவை, எட்டு வாரம் அதை மட்டுமே கொடுத்துப் பார்க்க வேண்டும், பிறகு பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்து அரிப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். மருத்துவரோடு பேசிவிட்டுச் செய்யுங்கள். எட்டு வாரம் என்றால் எட்டு வாரம்தான், நடுவில் ஆச்சி பாசத்தில் ஒரு நெத்திலித் தலையைப் போட்டால் கணக்கு முதலிலிருந்து.

ஒவ்வாமை இல்லாமலே, சாப்பாட்டில் சத்து இல்லாமலும் முடி மெலிந்து சடைபிடித்துப் போகும். நம் பக்கம் சைவ வீடுகளில் பூனைக்குத் தயிர்சோறும் பால்சோறும்தான். அன்பாகத்தான் வைக்கிறோம், ஆனால் பூனை இறைச்சி தின்று மட்டுமே வாழும்படி அமைந்த உடம்பு, டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்துதான் அதற்கு வர வேண்டும், அது இல்லாவிட்டால் முடியைவிடப் பெரிய விஷயங்கள் போகும், கண்பார்வையும் இதயமும். வீட்டில் இறைச்சி சமைக்க முடியாது என்றால் பூனைக்கென்று தயாரித்த முழுச்சத்து உணவை வாங்கி வையுங்கள். மீன் வீட்டுக்காரர்கள் தூத்துக்குடி சாளையை மட்டுமே தினமும் போடுவதும் சரியில்லை, கொழுப்பு மீனே கதியென்று இருந்தால் வைட்டமின் ஈ குறைந்து உடம்புக் கொழுப்பே அழற்சியாகி, தொட்டாலே வலிக்கும்.

உப்பு போட்டால் முடி கொட்டும் என்பதற்கு அடிப்படை இல்லை. ஆனால் மீன் குழம்புச் சோற்றைப் பூனைக்கு வைக்கக்கூடாது, காரணம் அதில் கிடக்கும் சின்ன வெங்காயமும் பூண்டும். அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மீனை வேறாக, எதுவும் போடாமல் அவித்து வையுங்கள்.

வலி இருக்கும் இடத்தையும் நக்கும்

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. நமக்கு முழங்கால் வலித்தால் தேய்த்துக்கொள்கிறோம், பூனை நக்கிக்கொள்கிறது. அடிவயிற்றில், தொப்புளுக்குக் கீழே மட்டும் வழுக்கை என்றால் மூத்திரப்பையில் எரிச்சலோ கல்லோ இருக்கலாம். மூத்திரம் போக வைத்திருக்கும் மண் தட்டுக்கு அடிக்கடி போகிறதா, சொட்டுச்சொட்டாகப் போகிறதா, ரத்தம் தெரிகிறதா, தட்டை விட்டுவிட்டு பாத்திரம் கழுவும் அங்கணத்தில் போய் உட்காருகிறதா என்று கவனியுங்கள். ஆண் பூனை தட்டில் உட்கார்ந்து முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் முடியை மறந்துவிடுங்கள், அது அடைப்பு, ஒரு நாள்கூடத் தாங்காது, ராத்திரி என்றாலும் மருத்துவரைத் தேடிப் போங்கள்.

வயதான பூனை இடுப்பையோ ஒரு மூட்டையோ மட்டும் நக்கினால் மூட்டுவலி இருக்கலாம். பத்து வயதுக்கு மேல், நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போகிறது, சதா பரபரப்பாக இருக்கிறது, முடியும் கெட்டுப்போகிறது என்றால் தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். வயிற்று முடி முழுக்கத் தானாகக் கழன்று, தோல் எண்ணெய் பூசினதுபோலப் பளபளவென்று இருந்து, பூனையும் மெலிந்துபோனால் அது உள்ளுறுப்புக் கட்டியின் அறிகுறியாக இருக்கலாம். அரிதுதான், ஆனால் தள்ளிப்போடக் கூடாதது. வெள்ளைக் காது உள்ள பூனை ஜன்னலில் வெயில் காய்கிறதா? நம் வீடுகளில் ஜன்னல் கண்ணாடியைத் திறந்தே போட்டுவிடுவோம், கம்பி வழியாக வெயில் நேராக விழும். காது நுனியில் முடி போய், சிவந்து, ஆறாமல் பொருக்கு தட்டிக்கொண்டே இருந்தால் அதையும் சீக்கிரம் காட்டுங்கள், வெயிலால் வரும் தோல் புற்று அப்படித்தான் ஆரம்பிக்கும்.

மனசு சரியில்லை என்பது கடைசியில்

வீடு மாறினோம், குழந்தை பிறந்தது, புதுப் பூனை வந்தது, பக்கத்தில் கட்டட வேலை, தெருக் கடுவன் தினமும் ஜன்னலில் வந்து முறைக்கிறது, இப்படி ஏதோ ஒன்று எல்லா வீட்டிலும் நடந்துகொண்டுதான் இருக்கும். அதனால் மனஅழுத்தம் என்ற காரணம் எப்போதும் பொருந்துகிற மாதிரியே தெரியும், அதுதான் ஆபத்து. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், மனக்கவலையால் நக்குகின்றன என்று கருதப்பட்ட 21 பூனைகளை முழுதாகப் பரிசோதித்தார்கள். 16 பூனைகளுக்கு உடம்பில்தான் காரணம் இருந்தது, மூன்றுக்கு இரண்டும் சேர்ந்து, வெறும் மனசு மட்டும் காரணமாக இருந்தவை இரண்டே இரண்டு. செம்பியைப் பார்த்த மருத்துவர் எனக்குச் சொன்னதும் இதைத்தான், "வெள்ளத்துக்குப் பயந்திருக்கும்மா, இல்லைன்னு சொல்லலை, ஆனா முதல்ல அரிப்பைத் தீர்த்துட்டுப் பேசுவோம்."

எல்லாம் பார்த்து ஒன்றும் இல்லை என்றால்தான் மனசுக்கு வர வேண்டும். அப்போது பூனைக்கு ஏறி உட்கார உயரமான இடம், யாரும் தொடாமல் ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, தினமும் ஒரே நேரத்தில் சோறு, நாளைக்கு இரண்டு மூன்று தடவை பத்துப் பத்து நிமிஷம் கயிறு கட்டி ஆட்டி வேட்டை விளையாட்டு. இரண்டு பூனை என்றால் மூன்று மண் தட்டு, சோற்றுக் கிண்ணம் தனித்தனியாக. தெருப்பூனை முறைக்கும் ஜன்னலின் கீழ்ப்பாதிக்குத் தாள் ஒட்டிவிடுங்கள். நக்கும்போது அதட்டாதீர்கள், அதட்டினால் இன்னும் மறைவாகப் போய் இன்னும் அதிகமாக நக்கும். இதற்கும் மேல் தேவைப்பட்டால் மருந்து இருக்கிறது, மருத்துவர் கொடுப்பார்.

எதைப் போடக்கூடாது

பூனை மேல் தடவும் எதுவும் அதன் வயிற்றுக்குள் போகும், நக்கிவிடும். அதன் கல்லீரல் நம்முடையது மாதிரியும் இல்லை, நாயுடையது மாதிரியும் இல்லை, பல பொருள்களை அதனால் முறித்து வெளியேற்ற முடியாது. எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கடையில் தெள்ளுக்கு மருந்து கேட்டபோது நாய்க்கு விடும் பெர்மெத்ரின் சொட்டைக் கொடுத்து, பாதி விட்டால் போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சாயங்காலம் பூனைக்கு உடம்பெல்லாம் நடுக்கம், இரண்டு நாள் வலிப்போடு போராடி, மூன்றாம் நாள்தான் கண்ணைத் திறந்தது. பெர்மெத்ரின் என்று எழுதிய எதுவும், நாய்க்கு என்று எழுதிய எந்தச் சொட்டும் பூனைக்கு வேண்டாம். தெரியாமல் பட்டுவிட்டால் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் உடனே கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

அதே மாதிரி மண்ணெண்ணெய், புகையிலைத் தண்ணீர், கற்பூரம் கலந்த எண்ணெய், தேயிலை மர எண்ணெய், டெட்டால் எல்லாம் வேண்டாம். படுக்கைக்கு அடியில் பாச்சை உருண்டை போடாதீர்கள். வேப்பெண்ணெய் நமக்கு நல்லதுதான், பூனைக்கு அப்படியில்லை, சிலவற்றுக்கு வாயில் நுரைதள்ளி நடுக்கம் வந்துவிடுகிறது. விளக்கெண்ணெய் தேய்த்தால் அதை நக்கி வயிற்றுப்போக்குதான் வரும், இதை ஆச்சிக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. தரை துடைக்க ஃபினாயில் ஊற்றும் பழக்கம் இருந்தால் பூனை நடக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள், பாதத்தை நக்கினால் அது உள்ளே போகிறது. வலிக்கு என்று பாரசிட்டமால் ஒருபோதும் கொடுக்காதீர்கள், ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

மருத்துவரிடம் போகும்போது

நம் பக்கம் மாட்டாஸ்பத்திரி என்றால் மாடு, ஆட்டுக்குத்தான் என்று பூனையைக் கொண்டுபோகத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே நாய், பூனைகளையும் பார்க்கிறார்கள். அம்பாசமுத்திரம், வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்கள் பூனையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறாதீர்கள், மூடியுள்ள கூடையோ கூண்டோ வேண்டும், உள்ளே அது படுத்த பழைய துணியைப் போட்டு, மேலே ஒரு துண்டால் மூடிவிட்டால் பாதி பயம் குறையும்.

போவதற்கு முன் பூனையைக் குளிப்பாட்டாதீர்கள், தடயமெல்லாம் போய்விடும். வழுக்கை இடத்தைப் போனில் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள், வாரம் ஒன்று. ராத்திரி எடுத்த வீடியோ, அந்த வெள்ளைத் துணி, என்ன சோறு, எப்போதிலிருந்து, வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருக்கிறதா, இதுவரை என்னென்ன தடவினீர்கள், எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். அரிப்பு உடனே அடங்க வேண்டும் என்று ஸ்டீராய்டு ஊசியை நீங்களாகக் கேட்காதீர்கள். சில நோய்க்கு அது தேவைதான், ஆனால் காரணம் தெரியும் முன் போட்டால் பூஞ்சை இருந்தால் பரவும், பரிசோதனையும் குழம்பும். தோலில் ஈரமாகச் சிவந்து மேடாகப் புண், மேலுதட்டில் குழிப்புண், சீழ், இவை இருந்தால் நாள் பார்க்காமல் போங்கள்.

காரணத்தைச் சரிசெய்த பிறகு முடி வர எவ்வளவு நாள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். செம்பிக்கு மூன்றாவது வாரம் வயிற்றில் பூனைமீசை முளைத்த மாதிரி ஒரு மெல்லிய படலம் தெரிந்தது, மூன்று மாதத்தில் பழையபடி மூடிவிட்டது. உங்களுடையது சயாமீஸ் வகை என்றால் ஒன்றை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: வழுக்கையான இடத்தில் தோல் குளிர்ந்திருப்பதால் புது முடி முன்பைவிடக் கருமையாக வளரும். பயப்பட வேண்டாம், அடுத்தமுறை முடி மாறும்போது அதுவும் பழைய நிறத்துக்கு வந்துவிடும்.